நூறு நின்றது, நூற்றுமூன்று விழுந்தது

தை பிறந்து சில நாட்களில் கேகாலையின் இறப்பர் மலைகள் நிறம் மாறும். இலைகள் செம்பு நிறமாகி உதிர்ந்து, எட்டியாந்தோட்டை முதல் ருவன்வெல்ல வரை சரிவுகள் மொட்டையாக நிற்கும். யாரும் பதறுவதில்லை. அது மரம் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் ஓய்வு. பால் கொஞ்சம் குறையும், சில வாரங்களில் புதுத்தளிர் வரும், வெட்டுக்கத்தியும் வாளியும் மறுபடி மலையேறும்.

பருவம் தப்பி உதிரும் இலைதான் கவலைக்குரியது. 1980களின் நடுப்பகுதியில் இலங்கையின் ஈரவலயத் தோட்டங்களில் அது நடந்தது. தளிரும் விழுந்தது, முற்றிய இலையும் விழுந்தது. மரம் மறுபடி துளிர்த்தது, மறுபடி உதிர்ந்தது. கிளை நுனிகள் காய்ந்து கீழ்நோக்கிச் சாகத் தொடங்கின. 1985இல் இது கொள்ளைநோயாகவே ஆகிவிட்டது.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. நோய் எல்லா மரங்களையும் ஒரே மாதிரித் தாக்கவில்லை. ஆர்ஆர்ஐசி 103 என்ற ரகம் நட்ட மலைகள் வெறிச்சோடின. அதே மழையில் நனைந்த ஆர்ஆர்ஐசி 100 பசுமையாக நின்றது. இரண்டும் ஒரே ஆராய்ச்சி நிலையம் தந்தவை. இரண்டுக்கும் தாய் மரமும் ஒன்றே.

பல்லாண்டு சோதித்துக் கொடுத்த கன்று, தோட்டத்துக்கு வந்ததும் எப்படித் தோற்கிறது? தோற்றபின், அடுத்த கன்றை உருவாக்குகிறவர்கள் அதிலிருந்து எதை எடுத்துச்செல்கிறார்கள்? கைபேசியோ காரோ செய்பவர்கள் ஓரிரு ஆண்டுக்கு ஒரு புது மாதிரியை வெளியிட்டு, பழையதன் குறையை அதில் திருத்திவிடலாம். ஒரு சுற்றுக்குக் கால் நூற்றாண்டு பிடிக்கும் தொழிலில் அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரு சுற்று என்பது எவ்வளவு நீளம்

தோட்டத்தில் நடப்படும் இறப்பர் கன்று விதையிலிருந்து அப்படியே வளர்ந்தது அல்ல. விதை முளைத்த நாற்றின் அடித்தண்டில், தெரிவுசெய்த மரத்தின் மொட்டு ஒன்றைப் பட்டையோடு செதுக்கி ஒட்டுவார்கள். மொட்டு பிடித்ததும் மேலே உள்ள நாற்றுத் தண்டை வெட்டிவிடுவார்கள். வேர் நாற்றுக்குரியது, மேல்மரம் முழுவதும் அந்த ஒரு மொட்டின் வழி வந்தது. இப்படி ஒரே மரத்திலிருந்து பெருகிய கூட்டத்தைத் தோட்டத்தில் ‘குளோன்’ என்பார்கள். இங்கே அதை நகலினம் என்று அழைப்போம். ஒரு நகலினத்தின் இலட்சம் மரங்களும் உயிரியல் கணக்கில் ஒரே மரம்தான்.

புதிய நகலினம் ஒன்று பிறக்க முதலில் திருமணம் நடக்க வேண்டும். ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்தின் சிறு பெண்பூவில் கையால் வைக்கிறார்கள். நூறு பூவில் வைத்தால் காய் பிடிப்பது ஒரு சிலவே. அந்த விதைகளின் நாற்றுகளில் தேறியவற்றை ஒட்டிப் பெருக்கிச் சிறு வயலில் நடுகிறார்கள். தரையிலிருந்து 120 சென்ரிமீற்றர் உயரத்தில் தண்டின் சுற்றளவு 50 சென்ரிமீற்றரை எட்டும்வரை பால் வெட்ட முடியாது. அதற்கே ஆறு, ஏழு ஆண்டு. பின்னர் பல ஆண்டுப் பால் கணக்கு. அதில் தேறினால் பெரிய வயல், வேறு மாவட்டங்கள், மறுபடி பால் கணக்கு. மகரந்தம் வைத்த நாளிலிருந்து தோட்டத்துக்குச் சிபாரிசு செய்யும் நாள்வரை இருபது முதல் முப்பது ஆண்டு ஓடிவிடும்.

தோட்டத்தின் பக்கம் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. நட்ட மரம் ஏறத்தாழ முப்பது ஆண்டு நிற்கும். 1970இல் எஹலியகொடைப் பக்கம் நட்ட மரத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். நட்டது ஒரு கம்பனி. 1975இன் காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அது அரச நிறுவனத்தின் மரம். 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்தது. ஒரே மரம், மூன்று முதலாளிகள். எந்த மலையில் எந்த நகலினம், அது எப்போது எப்படி நோயுற்றது என்ற நினைவு, இந்தக் கைமாற்றங்களையெல்லாம் தாண்டித்தான் அடுத்த மறுநடுகைக்கு வந்துசேர வேண்டும்.

முதல் பாடம்: சாம்பல்

1876இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் சுமார் 1,900 கன்றுகள் அதே ஆண்டு கப்பலேறி இலங்கை வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. இன்று ஆசியாவில் நிற்கும் இறப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை விக்ஹம் கொண்டுவந்த அந்தச் சிறு கூட்டத்தின் சந்ததி. இந்தக் குறுகிய குடும்பம் பின்னால் வரும் கதைக்கெல்லாம் அடிப்படை.

ஆரம்பத் தோட்டங்கள் விதைத் தோட்டங்களே. ஒரு மரம் நிறையப் பால் தரும், பக்கத்து மரம் கைவிரிக்கும். 1910களில் ஜாவாவில் ஒட்டுமுறை கைவந்ததும் நிலைமை மாறியது. நல்ல மரத்தைத் தேர்ந்து நகலெடுக்கலாம் என்றாயிற்று. மலாயாவின் பிராங் பெசார் தோட்டத்தில் தெரிவான பிபி 86 அப்படி வந்ததுதான். 1952இல் சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தமும், 1953இல் தொடங்கிய மறுநடுகை மானியமும் இலங்கையின் பழைய விதை மரங்களை வேகமாக வெட்டிச் சாய்க்க வழிசெய்தன. அந்த இடத்தில் பெரும்பாலும் பிபி 86 ஏறியது.

ஆனால் ஒரு எதிரி முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. ஓயிடியம் என்ற பூஞ்சை தரும் சாம்பல் நோய் 1925இல் இலங்கையில் கண்டறியப்பட்டது. இலையுதிர்வுக்குப் பின் வரும் பிஞ்சுத் தளிரில் வெண்மாவு தூவியதுபோல் படர்ந்து, அதை உதிர்த்துவிடும். குளிர்ச்சியான மேட்டுத் தோட்டங்களில் தொல்லை அதிகம். கந்தகத் தூள் தூவினால் கட்டுப்படும், ஆனால் ஆண்டுதோறும் செலவு.

ஆகவே 100ஐயும் 103ஐயும் தந்த அகலவத்தை டாட்டன்பீல்ட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர்கள் அடுத்த சுற்றின் தேவைப் பட்டியலை எழுதியபோது இரண்டு வரிகள் முதலில் வந்தன. ஒன்று, பிபி 86ஐ விட அதிகப் பால். மற்றது, சாம்பலைத் தாங்கும் இலை. இரண்டாவதற்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு மரம் இருந்தது. ஆர்ஆர்ஐசி 52. வீரியமாக வளரும், சாம்பலைத் தாங்கும், பால் மட்டும் குறைவு. பால் தரும் மரம் ஒன்றோடு அதைச் சேர்த்தால் இரண்டு குணமும் ஒரே பிள்ளையில் வரக்கூடும்.

ஒரு தாய், இரண்டு தந்தையர்

அப்படிப் பிறந்ததுதான் ‘நூறு வரிசை’. ஆர்ஆர்ஐசி 52ஐ மலாயாவின் பிபி 83 உடன் சேர்த்ததில் 100 பிறந்தது. அதே தாயைப் பிபி 86 உடன் சேர்த்ததில் 103 பிறந்தது. பாலிலும் வீரியத்திலும் இரண்டும் தேறின. முதல் சுற்றின் பாடம் முழுமையாகக் கடத்தப்பட்டது என்றே எவரும் சொல்லியிருப்பார்கள்.

1980களில் இந்த வரிசை தோட்டங்களில் பரவிக்கொண்டிருந்த வேளையில் வந்தது கொரினஸ்போரா கசிகோலா. இதுவும் பூஞ்சைதான், ஆனால் நடத்தை வேறு. சாம்பல் நோய் பிஞ்சு இலைக்கு மட்டுமே எமன். இலை கடினமாகிவிட்டால் தப்பித்துவிடும். கொரினஸ்போரா பிஞ்சையும் தாக்கும், முற்றியதையும் தாக்கும். ஆண்டு முழுவதும் தாக்கும். இலை நரம்புகள் கறுத்து, மீன்முள் போன்ற கோலம் விழும். அந்தக் கோலத்தை வைத்துத்தான் தோட்டத்தில் அதை அடையாளம் காண்கிறார்கள்.

இலை போனால் பால் ஏன் போகிறது? இறப்பர்ப் பாலின் மூலப்பொருள் இலை சமைக்கும் சர்க்கரை. இலை உதிர்ந்ததும் மரம் தண்டில் சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்துத் துளிர்க்கிறது. அத்தளிரும் விழுந்தால் சேமிப்பு கரைகிறது. இளமரத்தின் தண்டு பருக்காமல் நின்றுவிடுகிறது. ஏழாம் ஆண்டில் வெட்டுக்கு வரவேண்டிய மலை வராது. அந்த மலையை நம்பியிருக்கும் லயத்துக் குடும்பங்களுக்கு அது வேலைநாள் கணக்கு.

மருந்து தெளிப்பது உயர்ந்த மரங்களுக்கும் செங்குத்துச் சரிவுகளுக்கும் ஒத்துவரவில்லை. 103 சிபாரிசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஹெக்டேயரில் அதைப் பிடுங்கினார்கள். இல்லையென்றால் அடித்தண்டில் வேறு நகலினத்தின் மொட்டை வைத்து மறு ஒட்டுச் செய்தார்கள். மறு ஒட்டில் வேராவது மிஞ்சியது.

சோதனை வயல் ஏன் எச்சரிக்கவில்லை

இத்தனை ஆண்டு வயலில் நின்ற 103, ஆராய்ச்சியாளர் கண்முன் ஏன் நோயுறவில்லை? விடையைக் கணக்காகப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

சோதனை வயலில் இருபது நகலினங்கள் கலந்து நிற்கின்றன. 103இன் பங்கு நூற்றுக்கு ஐந்து. நோயுற்ற ஒரு மரத்திலிருந்து 1,000 வித்துகள் காற்றில் பறந்து சுற்றிலும் விழுகின்றன. அவற்றில் 50 மட்டுமே இன்னொரு 103இன் இலையில் விழும். மற்ற 950உம் தாங்கும் சக்தியுள்ள மரங்களில் விழுந்து வீணாகும். 103இல் விழுந்தவற்றில் ஐம்பதில் ஒன்றுதான் முளைத்து நோயாகிறது என்றால், ஒரு நோயாளி மரம் ஒரே ஒரு புதிய நோயாளியை உண்டாக்குகிறது. அடுத்த தலைமுறையிலும் ஒன்று. நோய் இருக்கும், ஆனால் நகராது. இலையில் நாலு புள்ளி தெரியும், குறிப்பேட்டில் ‘சிறிதளவு’ என்று எழுதப்படும்.

இப்போது ஒரு முழு மலையிலும் 103 மட்டும். அதே 1,000 வித்துகளும் 103இன் மேல் விழுகின்றன. ஐம்பதில் ஒன்று என்ற அதே விகிதத்தில் 20 புதிய நோயாளிகள். அடுத்த சுற்றில் 400. அதற்கடுத்த சுற்றில் 8,000.

மரம் மாறவில்லை, பூஞ்சையும் மாறவில்லை. நட்ட விதம் மாறியது. பெரும்பரப்பில் ஒரே மரம் நிற்கும்போது, அந்த மரத்தில் நன்றாக வளரும் பூஞ்சை வகையே அதிகம் பெருகும் என்பது இன்னொரு கூடுதல். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரி போன்ற இடத்தில் இலை காயவே நேரமில்லை. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

எச்சரிக்கை முற்றிலும் இல்லாமலும் இல்லை. 1961இலேயே இந்தியாவில் நாற்றங்கால் கன்றுகளில் இதே பூஞ்சை பதிவானது. அன்று அது நாற்றின் சிறு தொல்லை. 1970களில் மலேசியாவின் ஆர்ஆர்ஐஎம் 725ஐ இது தாக்கியது. ஆனால் தெரிவுசெய்பவர் கையிலிருந்த பட்டியல் சென்ற ஆண்டு வினாத்தாளைப் போன்றது. அதில் சாம்பல் இருந்தது, கொரினஸ்போரா இல்லை.

பாடம் தங்கிய மூன்று இடங்கள்

103 விழுந்தபின் அதன் பாடம் மூன்று வழிகளில் அடுத்த சுற்றுக்குப் போனது.

முதல் வழி சோதனை. புதிய நகலினம் எதையும் வயலுக்கு விடுமுன் அதன் இலைகளில் கொரினஸ்போராவின் வித்தைத் தெளித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. பூஞ்சை ஒரு நச்சைச் சுரந்துதான் இலையைக் கொல்கிறது என்பதும் தெரியவந்தது. கசிகோலின் என்ற அந்தப் புரதம் மிகச் சிறியது. வெறும் 27 அமினோ அமிலங்களால் ஆனது. பூஞ்சை வளர்ந்த நீரை வடித்து, அதில் இலைக்காம்பை வைத்தாலே எந்த நகலினம் வாடும் என்று பார்க்கலாம். வயலில் பல ஆண்டு காத்திருக்க வேண்டியதை மேசைமேல் சில நாளில் அறியும் வழி இது. குறையும் உண்டு. பூஞ்சையின் எல்லா வகைகளும் அதே நச்சைச் சுரப்பதில்லை. அதோடு, இந்தச் சோதனைக்குத் தெரிந்தது ஒரே எதிரியை.

இரண்டாவது வழி விதி. எந்த நகலினமும் எல்லா மலையையும் பிடிக்கக்கூடாது. சிபாரிசுகள் வகைகளாகப் பிரிக்கப்பட்டன. நன்கு நிரூபிக்கப்பட்டதை அதிகம் நடலாம், புதியதைக் கொஞ்சம் நடலாம், இன்னும் புதியதைப் பரீட்சார்த்தமாக மட்டும் நடலாம். மேலே பார்த்த கணக்கின் நேரடி விளைவு இது. பெயர் தெரியாத எதிரிக்கும் இந்த விதி வேலை செய்யும். 950 வித்துகள் வீணாவதற்கு அந்த நோய் எது என்று யாரும் அறிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் கைக்கொள்ளக் கடினமானதும் இதுவே. தோட்ட முகாமையாளரும் சிறுதோட்டக்காரரும் நாற்றுப்பண்ணையில் கேட்பது ‘இப்போ எது நல்லா ஓடுது’ என்றுதான். இரண்டாம் இடத்து மரத்தை விரும்பி வாங்குபவர் யார்? நாற்றுப்பண்ணையும் விற்பதையே ஒட்டும். 1990களின் நடுப்பகுதியில் இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. 103 விழுந்தபோது பெரிதாகப் பாதிக்கப்படாமல் நின்ற ஆர்ஆர்ஐசி 110, அப்போது அதே கொரினஸ்போராவுக்கு இலக்கானது. பத்து ஆண்டுக்கு முன் ‘தாங்கும்’ என்று எழுதப்பட்ட மரம்! தாங்கும் சக்தி மரத்தின் நிரந்தரச் சொத்து அல்ல, அந்த நேரத்துப் பூஞ்சைக்கு எதிராக மட்டுமே என்பதை 110 காட்டியது.

இந்தியாவிலும் இதே கதை. கோட்டயத்தின் இந்திய இறப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ஆர்ஆர்ஐஐ 105, பால் தருவதில் அசாத்தியமான மரம். விளைவாகக் கேரளத்தின் இறப்பர்ப் பரப்பில் மிகப் பெரும்பகுதியை அதுவே நிறைத்தது. 1990களில் தென் கர்நாடகத்தில் கொரினஸ்போரா அதைப் பலமாகத் தாக்கியது.

கோட்டயத்துக்குப் போன நூறு

மூன்றாவது வழி வம்சம். இதற்கு யாருடைய நினைவும் தேவையில்லை. பாடம் மகரந்தத்தில் ஏறிப் போகிறது.

1982இல் கோட்டயத்தில் ஆர்ஆர்ஐஐ 105ஐத் தாயாகவும் இலங்கையின் ஆர்ஆர்ஐசி 100ஐத் தந்தையாகவும் வைத்துக் கலப்புச் செய்தார்கள். ஆண்டைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் 103 விழுவதற்கு மூன்று ஆண்டு முன்னால் இது நடந்தது. கொரினஸ்போராவைத் தாங்கும் மரம் என்ற சான்றிதழ் 100க்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை. ஆனாலும் அந்தக் குணம் மகரந்தத்தோடு போயிற்று. பிள்ளைகள் வயலில் வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் அதன் விலை தெரிந்தது. அக்கலப்பில் பிறந்த ‘நானூறு வரிசை’யிலிருந்து ஆர்ஆர்ஐஐ 414உம் 430உம் 2005இல் தோட்டங்களுக்கு வந்தன. மகரந்தம் வைத்ததிலிருந்து 23 ஆண்டு.

இன்னும் நீண்ட பயணம் ஒன்று சப்ரகமுவச் சரிவுகளிலேயே நிற்கிறது. அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்ட் 1920களின் இறுதியில் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாந்தியா என்ற பெருந்தோட்டத்தை அமைத்தார். விக்ஹம் விதை பொறுக்கிய அதே ஆற்றுப் பகுதி. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் நெருங்கி நட்ட மரங்களை அழித்தது. 1945இல் தோட்டங்கள் பிரேசில் அரசிடம் கைமாறின. முதலீடு போனது, ஆனால் அந்த முயற்சியில் நோயைத் தாங்கும் மரங்கள் சில தெரிவாகியிருந்தன. ஆக்ரே பகுதியிலிருந்து வந்த எஃப்ஏ 1717 அவற்றில் ஒன்று. பெயரின் முதலெழுத்து ஃபோர்டைக் குறிக்கிறது. பெலேமில் இருந்த பிரேசில் ஆராய்ச்சி நிலையம் அதை ஆசியாவின் பிபி 86 உடன் சேர்த்து ஐஏஎன் 873ஐ உருவாக்கியது. அது இலங்கைக்கு வந்து பிபி 28/59 உடன் சேர்ந்ததில் பிறந்தது ஆர்ஆர்ஐசி 121.

கேகாலையில் 121ஐ வெட்டும் தொழிலாளி, ஃபோர்டின் தோல்வியில் மிஞ்சிய மரத்தின் பேரப்பிள்ளையை வெட்டுகிறார். விழுந்த 103இன் தந்தையான பிபி 86 இதற்குப் பாட்டி முறை. விழுந்த குடும்பத்தின் இரத்தம் நின்ற மரத்திலும் ஓடுகிறது. ஒரு பாட்டன் வழி அமேசன் காட்டிலிருந்து வந்ததுதான் வித்தியாசம்.

இந்த வழி தொடர வேண்டுமானால் புதிய இரத்தம் வேண்டும். 1981இல் சர்வதேச இறப்பர் ஆராய்ச்சி, அபிவிருத்திச் சபை பிரேசிலின் ஆக்ரே, ரொண்டோனியா, மாட்டோ குரோசோ காடுகளுக்கு ஒரு சேகரிப்புப் பயணத்தை அனுப்பியது. 60,000க்கு மேற்பட்ட விதைகள் சேர்ந்தன. அந்தச் சேகரிப்பின் ஒரு பங்கு இலங்கைக்கும் கிடைத்தது. காட்டு மரங்கள் பால் குறைவாகவே தரும். அவற்றை நல்ல மரங்களோடு சேர்த்து, குறையைக் கழித்து, குணத்தை மட்டும் எடுக்க ஒரு சுற்று போதாது.

அடுத்த வினாத்தாள்

2019இல் இலங்கையில் வட்ட இலைப்புள்ளி நோய் தலைகாட்டியது. சில ஆண்டு முன் இந்தோனேசியாவிலும் பின்னர் மலேசியாவிலும் பரவிய நோய் அது. முற்றிய இலையில் வட்டமான பழுப்புப் புள்ளிகள் விழுந்து, மரம் மறுபடி பருவம் தப்பி மொட்டையாகிறது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் ஈரமலைகள் இதற்கும் ஏற்றவை. ஒன்றுக்கு மேற்பட்ட பூஞ்சைகள் இதோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. அதனால் கசிகோலினைப் போல ஒரே நச்சை வைத்துச் சோதிக்கும் சுருக்குவழி இங்கே எளிதில் வராது.

அடுத்த வரிசையின் சோதனைப் பட்டியலில் இந்த நோய்க்கும் ஒரு வரி சேரும். டாட்டன்பீல்டில் இன்று மகரந்தம் வைத்தால், பிறக்கும் நகலினம் தோட்டத்துக்கு வரும்போது 2050 நெருங்கியிருக்கும். இடைப்பட்ட காலத்துக்குக் கையில் இருப்பது இரண்டாவது வழிதான். அது ஆராய்ச்சி நிலையத்தில் முடிவாவதில்லை. தெரணியகலையிலோ பெல்மடுல்லவிலோ மறுநடுகைக்குக் கன்று வாங்கப்போகிறவர் ஒரே இலக்கத்தில் முழு மலைக்கும் வாங்குகிறாரா, இரண்டு மூன்று இலக்கங்களாகப் பிரித்து வாங்குகிறாரா என்பதில் முடிவாகிறது. எந்த மலையில் எந்த இலக்கம் என்று எழுதிவைத்தால், முப்பது ஆண்டு கழித்து அந்த மலையைப் பொறுப்பேற்பவர் யாராக இருந்தாலும் அதை எடுத்துப் பார்க்க முடியும்.